ஐஸ்லாந்து கருவாடும் குளிர்கால மனச்சோர்வும் – நேரில் கண்டதை எழுதுங்கள்

உப்புக்காற்று
ஹார்ட்ஃபிஸ்கூர் என்கிற ஐஸ்லாந்துக் கருவாட்டை அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. கல்மேல் விறகாய்க் காய்ந்த ஹாடக் மீன் துண்டம், மேலே மரச்சுத்தியல். அடிக்க அடிக்க நார் பிரிந்து பஞ்சாகும், பிறகுதான் வெண்ணெய் தடவித் தின்ன முடியும். இதைத் தின்பவர்களை இருட்டுக்காலம் சோர்வடைய விடாது என்று அடித்தவர் அடித்துச் சொன்னார். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1993இல் வந்த ஆய்வில் ஐஸ்லாந்துக்காரர்களிடம் குளிர்கால மனச்சோர்வு அமெரிக்கக் கிழக்குக் கரையைவிடக் குறைவு என்றுதானே வந்தது? அந்தத் தீவோ இன்னும் வடக்கே, டிசம்பரில் நாலு மணி நேர வெளிச்சம்.

நார்ப்பிடி
வெயிலில் காய்ந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம், அது காற்றில் காய்வது. துண்டம் போட்டு, லேசான உப்புநீரில் சிறிது நேரம் முக்கி, பலகைக்குப் பலகை இடைவெளி விட்ட கொட்டகையில் தொங்கவிடுவார்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் சில வாரம். குளிரில் ஈ வராது, அதனால் புழு இல்லை. சூடு ஏறினால் மேற்புறம் மட்டும் இறுகி உள்ளே ஈரம் சிக்கும், நடுவில் புளிப்பு வாடை வரும். கடுங்குளிரில் உறைந்தாலும் கெடுதல்தான்: பனித்துகள் சதையைக் கிழித்து, காய்ந்தபின் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். பச்சைத் துண்டத்தில் 80 சதவீதம் தண்ணீர். அது 15க்கு இறங்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ கருவாட்டுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை மீன்.

ஈரல்குடம்
உப்புக்காற்று, அடித்தவர் சொன்னது அந்தக் கருவாட்டுக்குப் பொருந்தாது. காட் (cod) மீனும் ஹாடக்கும் கொழுப்பில்லா மீன்கள், சதையில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அதனால்தான் காறல் அடிக்காமல் மாதக்கணக்கில் நிற்கிறது. மனச்சோர்வைத் தடுக்கும் என்று சிலர் நம்புகிற ஒமேகா-3 கொழுப்பு பெரும்பாலும் ஈரலில்தான். ஹெர்ரிங் மீனின் சதையில் கொழுப்பு உண்டு, ஆனால் அதை இப்படித் தொங்கவிட்டால் காறிப்போகும். உப்பிலோ புகையிலோதான் போடணும். எனவே "மீன் தின்றார்கள்" என்றால் போதாது. எந்த மீன், எப்படிப் பதப்படுத்தியது என்று கேட்கணும்.

இன்னொன்று. அதே 1993இல் கனடாவின் மனிடோபாவில் குடியேறிய ஐஸ்லாந்து வம்சாவளியினரிடமும் பார்த்தார்கள். அங்கும் குறைவு. கடலை விட்டு வந்து தலைமுறைகள் ஆனவர்கள். அவர்கள் தட்டை நம்புவதா, ரத்தத்தை நம்புவதா? நான் ரத்தம் என்பேன்.

வடதிசை
ஆனால் மனச்சோர்வு மாத்திரைப் பயன்பாட்டில் ஐஸ்லாந்துதானே ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) பட்டியலில் முதலிடத்தில் இருந்து வருகிறது! மீனும் ரத்தமும் காப்பாற்றினால் இது எப்படி?

ஈரல்குடம்
வடதிசை, இரண்டும் வேறு அளவுகள். குளிரில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகுவதை ஆய்வு எண்ணியது. மாத்திரைக் கணக்கு எல்லா மாதத்துக்கும் சேர்த்து. பதற்ற நோய்க்கும் அதே மாத்திரைதான் கொடுக்கிறார்கள். மருத்துவரிடம் எளிதாகப் போக முடிகிற ஊரில் கணக்கு ஏறத்தான் செய்யும். மாத்திரை விற்பனையை வைத்து நோயை அளக்காதீர்கள்.

நார்ப்பிடி
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் ஈரல் பேச்சு வந்ததால் மீன் ஈரல் எண்ணெய் பற்றிச் சொல்கிறேன். பழைய முறையில் ஈரலைப் பீப்பாயில் அழுகவிட்டு, மேலே மிதப்பதை வடிப்பார்கள். பழுப்பாக, நாறும். 1850களில் நார்வேயின் பீட்டர் மொல்லர் நீராவியில் சூடேற்றி எடுத்தபிறகுதான் வெளிர்மஞ்சள் எண்ணெய் வந்தது. ஈரல் புதிதாக இருக்கணும், பித்தப்பை உடையாமல் எடுக்கணும், உடைந்தால் மொத்தமும் கசக்கும். பாட்டில் திறந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள், வெளிச்சம் படக்கூடாது. காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ ஒரு கிராம் ஒமேகா-3 கிடைக்கும், கூடவே வைட்டமின் ஏ-யும் நிறைய. நல்லதென்று இரண்டு மூன்று கரண்டி குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.