உக்ரேனிலிருந்து ஒரு தாயையும் மகனையும் ஸ்பான்சர் செய்ய நினைக்கிறோம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ரெடிங்_மதுரைக்காரன் | 2025 மே 10

வணக்கம். இங்கிலாந்தில், ரெடிங்கில் நான், மனைவி, ஆறு வயது மகள் இருக்கிறோம். போன வருடம்தான் எங்களுக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது.

என் மனைவியோடு கேர் ஹோமில் வேலை செய்யும் ஓர் உக்ரேனியப் பெண் 2022இல் இங்கே வந்தவர். அவருடைய தங்கையும் தங்கையின் ஒன்பது வயது மகனும் இன்னும் சபோரிஷியாவில்தான் இருக்கிறார்கள். நீங்களே கூப்பிட முடியாதா என்று கேட்டேன். குடும்பத்தினரை அழைக்கும் திட்டத்தை 2024 பிப்ரவரி 19 அன்று மூடிவிட்டார்களாம். மிச்சமிருப்பது, இங்கே இருப்பவர்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்து உக்ரேனியர்களை அழைக்கும் ‘ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்’ திட்டம் மட்டும். அதில் ஸ்பான்சர் செய்கிறவர் பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ, இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். அவரிடம் இருப்பது தற்காலிக விசா. அதனால் எங்களிடம் கேட்டார். கேட்டுவிட்டு, “முடியாவிட்டாலும் பரவாயில்லை” என்று மூன்று முறை சொன்னார்.

மூன்று படுக்கையறை வீடு, அடமானக் கடன் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் மதுரையிலிருந்து என் பெற்றோர் வந்து தங்குவார்கள். உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் என்னென்ன பார்க்கும்? செலவு எப்படி? அப்புறம் முக்கியமான கேள்வி மனைவியுடையது: ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு வேறு இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? “போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது” என்கிறாள்.

---

படிவம்_பார்ப்பவன் | மே 10

விண்ணப்பம் போடுவது நீங்கள் அல்ல, அவர்கள்தான். உங்கள் பெயர், முகவரி, பாஸ்போர்ட் விவரங்களைக் கொடுத்தால் போதும். தாய்க்கு ஒரு விண்ணப்பம், பையனுக்குத் தனியாக ஒன்று. கட்டணம் கிடையாது. குறைந்தது ஆறு மாதம் தங்க இடம் தருவதாக நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள்.

கவுன்சிலிலிருந்து வீட்டைப் பார்க்க வருவார்கள். புகை அலாரம், கேஸ் பாதுகாப்பு, இருக்கிற ஆட்களுக்கு அறைகள் போதுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். குழந்தை வருவதால் வீட்டில் உள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணியையும் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

ஸ்பான்சராக உங்களுக்கு மாதம் 350 பவுண்ட் நன்றித் தொகை கிடைக்கும். அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. வரி இல்லை. வாடகை வாங்கக் கூடாது. மின்சாரம், கேஸ் பில்லில் ஒரு பங்கு தரச் சொல்லிப் பேசிக்கொள்ளலாம். வருகிறவர்கள் வேலை செய்யலாம், யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கலாம், பையன் பள்ளியில் சேரலாம். விசா இப்போது 18 மாதம். 2022இல் வந்தவர்களுக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள்.

---

ஹாரோ_அன்ரி | மே 11

தம்பி, நான் 2022 செப்டம்பரில் கார்கிவிலிருந்து ஒரு தாயையும் பன்னிரண்டு வயது மகளையும் எடுத்தேன். பதினான்கு மாதம் என்னோடு இருந்தார்கள். படிவத்தைப் பற்றி மேலே சரியாகச் சொல்லிவிட்டார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

நான் 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஈஸ்ட் ஹாமில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். நல்ல சனம், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் குளிக்கப் போவதென்றால் கேட்டுவிட்டுத்தான் போவேன். இரவில் பசித்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பேன். ஃபிரிட்ஜ் கதவுச் சத்தத்தில் யாரும் எழும்பிவிடக் கூடாது என்ற பயம். அதனால் இவர்கள் வந்த அன்று தேத்தண்ணி கொடுக்க முதலே சாவியைக் கையில் கொடுத்தேன். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. பிள்ளைக்கு எதற்கு என்று தாய் கேட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்து எங்கள் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது என்றேன். ஃபிரிட்ஜில் இரண்டு தட்டுகளை வெறுமையாக்கி, இது உங்களுடையது, நான் திறந்து பார்க்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

அப்படி இருந்தும் முதல் மாதம் முழுக்க நான் வேலையால் வருவதற்குள் வீடு துடைத்துக் கிடக்கும். அந்தப் பெண் ஊரில் கணக்காளர். இங்கே ஹோட்டலில் அறை துப்புரவு செய்துவிட்டு வந்து என் வீட்டையும் துடைப்பாள். எனக்கு அது நெஞ்சை அடைத்தது. சும்மா இரு என்று சொன்னால் இன்னும் பயந்தாள். கடைசியில் வெள்ளிக்கிழமை சமையல் உன்னுடையது, ஞாயிறு என்னுடையது என்று பிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதல்.

ஒன்றை மறக்கவே முடியாது. 2023 ஏப்ரல் 23, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நாடு முழுக்க எல்லாக் கைபேசியிலும் அரசாங்கம் அவசர எச்சரிக்கை ஒலியைச் சோதித்தது, நினைவிருக்கிறதா? முதல் நாளே இருவருக்கும் சொல்லியிருந்தேன். பிள்ளையும் ஓம், தெரியும் என்றாள். சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை ஹாலில் இல்லை. வாசல் நடையில், ஜன்னல் இல்லாத இடத்தில், சுவரோடு ஒட்டி இருந்தாள். தனக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும் என்று அங்கே பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஊரில் நாங்கள் பங்கருக்குள் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே எழும்பினாள். உங்களிடம் வரும் பையனுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். உங்கள் மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவள் சிரித்துவிடாமல் இருக்க.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. அது மிகவும் சரியான கேள்வி. அதை அவர்கள் வருவதற்கு முன்பே வீடியோவில் கதையுங்கள். படிவத்தில் ஆறு மாதம், நான் ஒரு வருடம் தருகிறேன், அதற்குள் போகச் சொல்ல மாட்டேன், ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து சேர்ந்து வீடு தேடுவோம் என்று தேதியோடு சொன்னேன். தேதி தெரிந்தால் அவர்கள் நித்திரை கொள்வார்கள். நீங்களும் கொள்வீர்கள்.

வீடு தேடுவது மலை ஏறுகிற வேலை. வாடகைக்குக் கொடுப்பவர்கள் உத்தரவாதம் கொடுக்க ஆள் கேட்டார்கள், என் சம்பளம் போதாது. ஒருவர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். கடைசியில் அவள் பகுதி நேரமாகக் கணக்கு எழுதப் போன பேக்கரியின் முதலாளிதான் கையெழுத்துப் போட்டார். முதல் கிழமையிலேயே யூனிவர்சல் கிரெடிட், வங்கிக் கணக்கு, ஜிபி என்ற குடும்ப டாக்டரிடம் பதிவு, ஆங்கில வகுப்பு எல்லாம் தொடங்கிவிட்டதால்தான் ஒரு வருடத்தில் அவளால் அந்த பேக்கரி வேலைக்குப் போக முடிந்தது.

இன்னொன்று, இந்த விசா நிரந்தரமாகத் தங்குவதற்கான வழி அல்ல. இதை அவர்கள் அங்கே எதையும் விற்க முதல் நேராகச் சொல்லுங்கள். என்னிடம் இருந்தவர்களின் மூன்று வருடம் இந்தச் செப்டம்பரில் முடிகிறது. முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், கிடைப்பது இன்னும் 18 மாதம். விசா முடியும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளிமாரும் வீட்டுக்காரரும் கதைக்கிறார்கள். என்னையும் இப்படி வருடக் கணக்கில் தற்காலிகக் கடிதத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் கவலை எனக்குத் தெரியும்.

காசைப் பற்றி: எனக்கு முதல் வருடம் 350, அதற்குப் பிறகு 500 வந்தது. இந்த ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் 350தான். குளிர்காலத்தில் அது கேஸ் பில்லுக்கே போய்விடும். நான் தனி ஆள் என்பதால் வீட்டுக்குக் கட்டும் கவுன்சில் வரியில் இருந்த தள்ளுபடி, இவர்கள் வந்ததால் போகவில்லை.

---

லூட்டன்_வாசகி | மே 11

எங்களுக்குச் சரியாக அமையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வாரத்தில் அவர் கிளம்பிவிட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் ஆட்கள் வந்து போவார்கள், அவருக்குத் தேவைப்பட்டது அமைதி. முன்பே பேசியிருந்தால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். கவுன்சிலிடம் சொன்னதும் வேறொரு ஸ்பான்சரைப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒத்துவராவிட்டால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நான் மூன்று வாரம் தயங்கினேன், அந்த மூன்று வாரமும் அவருக்குத்தான் கஷ்டம்.

---

ரெடிங்_மதுரைக்காரன் | மே 13

எல்லோருக்கும் நன்றி. அன்ரி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சாவி இடம் வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். நேற்று அந்தத் தங்கையோடு வீடியோவில் பேசினோம், அக்காதான் மொழிபெயர்த்தார். நாங்களும் ஒரு வருடம் என்று தேதி சொல்லிவிட்டோம். பெற்றோர் ஜூலையில் வருகிறார்கள், அவர்களுக்கு எங்கள் அறை, நாங்கள் ஹாலில். அம்மாவிடம் போனில் சொன்னேன். “அந்தப் பையன் என்ன சாப்பிடுவான்?” என்று மட்டும் கேட்டார்.

---

ஹாரோ_அன்ரி | மே 13

தம்பி, பெற்றோர் வரப்போவதையும் எத்தனை கிழமை இருப்பார்கள் என்பதையும் அந்தப் பெண்ணுக்கு இப்பவே சொல்லிவிடுங்கள். வீட்டில் திடீரென்று ஆட்கள் கூடினால், தன்னால் இடைஞ்சல் என்று நினைத்துக்கொள்வாள். கவுன்சில் வரும்போதும் மறைக்காமல் சொல்லுங்கள். சாவி ஐந்து வெட்டி வையுங்கள்.