ஹென்ட்ரிக்ஸ், பேஜ், அயோமி: இவ்வளவு புகழ் தகுமா?

தங்கச்சிமடம் கிதார்:
எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் எனக்கு, இன்றைய பள்ளிப் பிள்ளைகள்கூட அமெரிக்க ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைவிட வேகமாக வாசிக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது, பழைய ராக் கலைஞர்களை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது. மூத்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

கீழக்கரை காக்கா:
தம்பி, வேகம் இதற்கு அளவுகோலன்று. கிதாரும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் ஊளையைப் பலரும் பிழையென ஒதுக்கியிருந்த காலத்தில், ஹென்ட்ரிக்ஸ் அதைச் சுருதிக்குள் அடக்கிப் பாட்டின் அங்கமாகவே ஆக்கினார். 1970இல், 27 வயதில் இறக்கும் முன் அவர் வெளியிட்ட ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. நீங்கள் வியக்கும் பிள்ளைகள் அவர் திறந்த வழியில்தான் ஓடுகிறார்கள்.

பாம்பன் வாசகன்:
காக்கா சொல்வதை ஹென்ட்ரிக்ஸ் வரை ஏற்கிறேன்; லெட் செப்பெலின் என்ற ஆங்கிலேய ராக் குழுவுக்கு அதே சலுகையைத் தர மனம் வரவில்லை. 1969இல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் முதல் பாடலில் ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சனின் வரிகள் அவர் பெயரின்றியே இடம்பெற்றன. 1985இல் அவர் வழக்குத் தொடுத்து, சமரசம் ஏற்பட்ட பின்னரே பெயர் சேர்ந்தது. அக்குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜின் ஒலிப்பதிவு நுட்பம் பெரிதுதான். பாட்டுக்கான புகழில் டிக்சனுக்கும் பங்குண்டு, அவ்வளவே.

தொண்டி ரசிகர்:
பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமியை யாரும் பேசவில்லையே! தொழிற்சாலை விபத்தில், கம்பிகளை அழுத்தும் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்த இந்த இடக்கைக் கலைஞர், தாமே செய்த பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டு வாசித்தார். 1971 ஆல்பத்தில் பிளாக் சப்பாத் சுருதியைத் தாழ்த்தியதால் கம்பிகள் தளர்ந்து விரல்களுக்கு எளிதாயின. ஹெவி மெட்டல் என்ற ராக் வகையின் கனத்த ஒலிக்கும் அதில் பெரும்பங்குண்டு. அவருடைய புகழைக் குறைவென்றே சொல்வேன்.