‘டிராஃப்ட்’: வரைவா, ஏலமா, தெரிவா? (கலைச்சொல் விவாத இழை)

மடல் 1 (ஹூஸ்டனிலிருந்து)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறோம். ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் எல்லோரும் ஒரே சொல்லில்தான் இடறி விழுகிறோம். கல்லூரி ஆட்டம் முடித்து வரும் இளம் வீரர்களை என்.எஃப்.எல். என்ற தொழில்முறைத் தொடரின் 32 அணிகளும் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுத்துக்கொள்ளும் அந்த மூன்று நாள் நிகழ்ச்சிக்கு என்ன பெயர்? சிலர் ‘வரைவு’ என்கிறார்கள், சிலர் ‘ஏலம்’ என்கிறார்கள், மீதிப்பேர் ‘டிராஃப்ட்’ என்றே விட்டுவிடுகிறார்கள்.

சொல்லைச் சும்மா அகராதியில் வைத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். அதனால் ஒரு சோதனைப் பத்தி தருகிறேன். முன்மொழிகிறவர்கள் தங்கள் சொல்லை இதில் பொருத்திக் காட்ட வேண்டும்.

“2022 பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமநிலை என்று முடித்த ஹூஸ்டன் டெக்சன்ஸ், 2023 டிராஃப்டில் 2-வது பிக்கில் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. அடுத்த நிமிடமே அரிசோனாவுடன் டிரேட் செய்தது. 12-வது பிக், 33-வது பிக், 2024-இன் முதல் சுற்று பிக், மூன்றாம் சுற்று பிக் ஆகியவற்றைக் கொடுத்து, 3-வது பிக்கையும் 105-வது பிக்கையும் வாங்கியது. அந்த 3-வது பிக்தான் வில் ஆண்டர்சன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களில் ‘பிக்’ என்ற சொல் எத்தனை பொருளில் வருகிறது என்று கவனியுங்கள். வாங்கியது ஓர் உரிமை. 3 என்பது ஓர் எண். வில் ஆண்டர்சன் ஓர் ஆள். ஆங்கிலம் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. நாமும் அப்படியே கட்ட வேண்டுமா?

மடல் 2 (மதுரையிலிருந்து)

ஐயா, வணக்கம்.

‘வரைவு’ வேண்டவே வேண்டாம். வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் என்று நாள்தோறும் செய்தித்தாளில் அடிபடும் சொல் அது. “டெக்சன்ஸின் வரைவு வெளியானது” என்று தலைப்பு வைத்தால், ஏதோ ஒப்பந்த நகல் கசிந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள். வங்கியில் வாங்கும் வரைவோலையும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஆங்கிலச் சொல் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அகப்பாடல்களில் வரைவு என்றால் மணம். ‘வரைவு கடாதல்’ என்றால், காலம் தாழ்த்தாமல் மணந்துகொள் என்று தோழி தலைவனை நெருக்குவது. அந்தப் பொருளில் பார்த்தால் ‘வரைவு’ இங்கே அழகாகப் பொருந்துகிறது, அணி ஒரு வீரனைத் தனக்கு உரியவனாக வரைந்துகொள்கிறது! 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வரைந்தும் குடித்தனம் நடக்கவில்லை. 2004-இல் ஈலை மேனிங் சான் டியேகோவுக்கு வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியும் அந்த அணி அவரை முதலாவதாக எடுத்தது, அன்றைக்கே நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அனுப்பியும் வைத்தது. அதை எந்தத் திணையில் சேர்ப்பது என்று புலவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ரசிக்கலாம், ஆனால் கலைச்சொல்லாக்க முடியாது.

மடல் 3 (சென்னையிலிருந்து)

> சிலர் ‘ஏலம்’ என்கிறார்கள்

இதுதான் மூன்றிலும் மோசமான தவறு. ‘வரைவு’ புரியாமல் போகும், அவ்வளவுதான். ‘ஏலம்’ தவறாகப் புரியும்.

ஏலத்தில் பணம் பேசும், டிராஃப்டில் வரிசை பேசும். சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், கோப்பையை வென்ற அணி 32-ஆவதாக எடுக்கும். ஊதியத்துக்கும் போட்டி இல்லை. 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுக்கப்படும் எண்ணை வைத்தே சம்பளம் ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. 2010-இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு ஏறத்தாழ 2.2 கோடி. மறுகட்டுமானத்தில் இருக்கும் அணிகள் இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை) ஏன் இப்படித் துரத்துகின்றன என்பதற்கு விடை இந்த இரண்டு தொகையிலேயே இருக்கிறது. குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் நான்கைந்து ஆண்டுக்குள் மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிவிட வேண்டும். ‘ஏலம்’ என்று எழுதினால் இந்தக் கணக்கு முழுவதும் வாசகருக்குத் தலைகீழாகப் போகும்.

நம் வாசகருக்கு இது அறவே தெரியாத முறையும் அல்ல. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2015 டிசம்பரில் சென்னை, ராஜஸ்தான் அணிகள் இடைநீக்கத்தில் இருந்தபோது, புனேவும் ராஜ்கோட்டும் அவற்றின் வீரர்களை முறை வைத்து எடுத்தன. புனே முதலில் தோனியை எடுத்தது, அடுத்து ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. முதலில் எடுக்கப்படுபவருக்கு 12.5 கோடி ரூபாய் என்று விலையும் முன்பே குறித்துவைக்கப்பட்டிருந்தது. இதைச் சொல்லித் தொடங்கினால் சென்னை ரசிகர் யாருக்கும் இரண்டாம் தடவை விளக்க வேண்டியதில்லை.

என் முன்மொழிவு தெருவிலிருந்து வருகிறது: ‘ஆள் எடுப்பு’. இரண்டு தலைவர்கள் நின்று “எனக்கு இவன், உனக்கு அவன்” என்று மாற்றி மாற்றி எடுப்பதை நாம் அப்படித்தானே சொல்கிறோம். பிக் என்பதற்கு ‘எடுப்பு’. முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு. ‘எடுத்த எடுப்பில்’ என்ற வழக்கும் துணைக்கு வருகிறது.

மடல் 4 (மதுரையிலிருந்து)

‘எடுப்பு’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘எடுப்புக் கக்கூஸ்’ என்ற சொல்லாட்சி இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் சுமந்த கொடுமையின் பெயரில் இருக்கும் சொல்லை ஆளைக் குறிக்கப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. “எடுத்தது”, “எடுத்தார்கள்” என்ற வினை இருக்கட்டும், அதில் குறையில்லை. பெயர்ச்சொல் வேண்டாம்.

‘உத்தி பிரித்தல்’ பற்றியும் யாராவது சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். அதில் இருவர் இருவராகச் சேர்ந்து இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, “தங்கம் வேண்டுமா, வெள்ளி வேண்டுமா” என்று கேட்பார்கள். தலைவருக்கு யார் எது என்று தெரியாது. டிராஃப்டில் அணிகள் ஆள் யாரென்று தெரியாமல் எடுப்பதில்லை. உயரம், எடை, 40 கெஜ ஓட்ட நேரம், உள்ளங்கை அளவு வரை அளந்துவிட்டுத்தான் எடுக்கின்றன. அளந்த பிறகும் பாதிப்பேர் தேறுவதில்லை என்பது வேறு கதை.

மடல் 5 (யாழ்ப்பாணத்திலிருந்து)

எல்லாருக்கும் வணக்கம்.

அண்ணை சொன்ன ‘எடுப்பு’ எங்களுக்கு வேறு விதத்திலும் சரிவராது. இங்கே எடுப்பு காட்டுறது என்றால் பகட்டுக் காட்டுறது.

எங்கள் பக்கம் ‘தெரிவு’ சாதாரணச் சொல். அணிக்குத் தெரிவானார், தெரிவுக்குழு, தலைவர் தெரிவு என்றெல்லாம் நாளாந்தம் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் ‘தேர்வு’ என்று எழுதப் பார்ப்பார்கள். ஆனால் அது பரீட்சையோடு குழம்பும். “கல்லூரி வீரர்களுக்கான தேர்வு” என்றால் ஆள் பேனையோடு போய்க் குந்துவார்.

‘தெரிவு’ மட்டும் போதாது, முறை வைத்து எடுப்பது என்ற கருத்தும் வேண்டும். ஆகவே ‘முறைத்தெரிவு’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 6 (சென்னையிலிருந்து)

‘எடுப்பை’ விலக்கிக்கொள்கிறேன். ‘தெரிவு’ எனக்குச் சம்மதம்.

ஆனால் ‘முறைத்தெரிவு’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். முறை + தெரிவு என்று நாம் நினைக்கிறோம். முறைத்து + எரிவு என்று பிரித்தாலும் இலக்கணம் ஒன்றும் சொல்லாது! மோசமான பிக் எடுத்த அன்றைக்கு ரசிகர் மனநிலைக்கு இது பொருந்தும், வேறெதற்கும் பொருந்தாது. இன்னொரு சிக்கல், எண்ணோடு சேர்த்தால் ‘3-வது முறை’ என்பது மூன்றாவது தடவை ஆகிவிடும். “டெக்சன்ஸ் 3-வது முறையை வாங்கியது” என்று எழுத முடியாது.

முறைக்குப் பதில் வரிசையை வைத்தால் இரண்டும் தீர்கிறது: வரிசைத்தெரிவு.

மடல் 7 (ஹூஸ்டனிலிருந்து)

வரிசைத்தெரிவு நன்றாக இருக்கிறது, முக்கியமான பொருளையும் அதுதான் தொடுகிறது. மறுகட்டுமான அணி விற்பதும் வாங்குவதும் ஆளை அல்ல, வரிசையில் இடத்தை. எடுக்கப்போகும் ஆள் யாரென்றே அப்போது தெரியாது. சில சமயம் இடத்தின் எண்கூடத் தெரியாது.

வரிசை எப்படி அமைகிறது என்பதைக் கலைச்சொல் குறிப்பிலேயே சேர்த்துவிடலாம். பிளேஆஃபுக்கு, அதாவது பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றுகளுக்கு, போகாத 18 அணிகள் 1 முதல் 18 வரை. பிளேஆஃபின் முதல் சுற்றில் தோற்ற ஆறும் 19 முதல் 24, அடுத்த சுற்றில் தோற்ற நான்கும் 25 முதல் 28, அரையிறுதி போன்ற மாநாட்டு இறுதிகளில் தோற்ற இரண்டும் 29, 30. சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் தோற்றவர் 31, வென்றவர் 32. வெற்றி விகிதம் சமமானால், எளிய எதிரணிகளோடு மோதியவர் முன்னால் நிற்பார். அப்படிச் சமமானவர்கள் டிராஃப்டின் அடுத்தடுத்த சுற்றுகளில் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்வார்கள். அதனால் “எல்லாச் சுற்றிலும் அதே வரிசை” என்று எழுதாதீர்கள், நிறையப்பேர் வழுக்கும் இடம் இது. மொத்தம் 7 சுற்று.

வரிசைக்கு என்ன விலை? ஜிம்மி ஜான்சன் டாலஸில் இருந்தபோது கொண்டுவந்த புள்ளிப் பட்டியல் இன்னும் கைக்கணக்குக்கு உதவுகிறது: 1-க்கு 3000, 2-க்கு 2600, 3-க்கு 2200, 12-க்கு 1200, 33-க்கு 580. டெக்சன்ஸ் வாங்கியது 2200-உம் 105-க்கான 84-உம், ஆக 2284. அந்த இரவில் கையில் கொடுத்தது 1200 + 580 = 1780. மீதி 504 புள்ளிக்கு ஈடாக அடுத்த ஆண்டின் முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும். அடுத்த ஆண்டு வரிசையை ஒரு சுற்று கீழே இறக்கி மதிப்பிடுவது வழக்கம், அப்படிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய நேர்தான்.

ஆனாலும் அன்றைக்குப் பலர் திட்டினார்கள். 3 ஆட்டம் மட்டும் வென்ற அணி அடுத்த ஆண்டும் தோற்றால், கொடுத்த அந்த முதல் சுற்று முதல் ஐந்துக்குள் விழும் என்பது அவர்கள் வாதம். நடந்தது வேறு. 2023-இல் டெக்சன்ஸ் 10 வெற்றி, 7 தோல்வி, பிரிவுப் பட்டம், பிளேஆஃபில் ஒரு வெற்றி. அரிசோனாவுக்குப் போனது 27-ஆம் எண். அந்த எண்ணின் விலை 680 மட்டும்.

இதற்கு நேர் எதிர்க்கதை கரோலினா. அதே ஆண்டு 9-லிருந்து 1-க்கு ஏற, சிகாகோவுக்கு 9, 61, 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, கூடவே டி.ஜே. மூர் என்ற கைதேர்ந்த பந்து வாங்குநரையும் கொடுத்தது. எடுத்தது பிரைஸ் யங்கை. 2023-இல் 2 வெற்றி, 15 தோல்வி என்று முடிந்தது. கொடுத்துவிட்ட முதல் சுற்று 1-ஆம் எண்ணாகவே சிகாகோவுக்குப் போய், கேலப் வில்லியம்ஸ் ஆனது. ஆளைத் தவறாக எடுத்தார்களா என்று இன்னும் வாதிடலாம். என் பார்வையில் முதல் பிழை அதற்கு முந்தியது. சுவர் இல்லாத வீட்டுக்காரர் மூரையும் விற்று நிலைக்கதவு வாங்கினார். யங் எறியும் பந்தை வாங்க ஆள் வேண்டாமா?

ஆகவே என் பிரிப்பு இது. நிகழ்ச்சி வரிசைத்தெரிவு. எண் வரிசை அல்லது வரிசையெண். வாங்கி விற்கப்படுவது தெரிவுரிமை. ஆள் தெரிவானவர். எண் தெரியாத அடுத்த ஆண்டுச் சரக்கைத் தெரிவுரிமை என்றுதான் சொல்ல முடியும், வரிசை என்று சொல்ல முடியாது. மூன்றையும் பிரித்ததால் கிடைத்த ஆதாயம் இது.

மடல் 8 (யாழ்ப்பாணத்திலிருந்து)

தெரிவுரிமை சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் சுற்று வீரரின் 4 ஆண்டு ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டுகிற உரிமை அணிக்கு உண்டு. அதையும் சிலர் தெரிவுரிமை என்று எழுதிவிடுவார்கள். அதற்கு ‘விருப்புரிமை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம்.

டிரேட் என்பதற்கு ‘கைமாற்று’ என்று ஒரு வலைப்பதிவில் பார்த்தேன்.

மடல் 9 (மதுரையிலிருந்து)

கைமாற்று என்றால் வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் சிறு கடன்! ஆள்மாற்று என்றால் ஆள்மாறாட்டம் நினைவுக்கு வரும். ‘பரிமாற்றம்’ போதும். முன்னால் போக விலை கொடுப்பதற்கு ‘மேலேறுதல்’, பின்னால் போய்க் கூடுதல் உரிமை பெறுவதற்கு ‘கீழிறங்குதல்’. ‘முன்னேற்றம்’ என்று எழுதினால் கரோலினாவுக்கு முன்னேற்றம் என்று அர்த்தமாகும், பாவம்.

நேரம் தவறுவதற்கும் ஒரு சொல் வேண்டும். 2025 வரை முதல் சுற்றில் ஓர் அணிக்கு 10 நிமிடம், இரண்டாம் சுற்றில் 7. நேரம் கடந்தால் உரிமை போகாது, ஆனால் பின்னால் நிற்பவர் முந்திக்கொள்ளலாம். 2003-இல் 7-ஆம் வரிசையில் இருந்த மின்னசோட்டா பரிமாற்றம் பேசிக்கொண்டே நேரத்தை விட்டது. ஜாக்சன்வில், கரோலினா இரண்டும் முந்திவிட்டன, மின்னசோட்டா 9-ஆவதாக எடுத்தது. இதற்கு முறை நழுவல் எனலாமா? இங்கே ‘முறை’ குழப்பாது.

மடல் 10 (ஹூஸ்டனிலிருந்து)

ஆகலாம். சோதனைப் பத்தியைத் திருப்பி எழுதிப் பார்த்தேன்:

“ஹூஸ்டன் டெக்சன்ஸ், 2023 வரிசைத்தெரிவில் 2-ஆவதாக சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. அடுத்த நிமிடமே அரிசோனாவுடனான பரிமாற்றத்தில் 12, 33 ஆகிய வரிசைகளையும், 2024-இன் முதல், மூன்றாம் சுற்றுத் தெரிவுரிமைகளையும் கொடுத்து 3-க்கு மேலேறியது, கூடவே 105-ஐயும் பெற்றது. 3-ஆவதாகத் தெரிவானவர் வில் ஆண்டர்சன்.”

ஒரு சொல்லும் இடறவில்லை. பிக் என்ற சொல் ஓரிடத்திலும் தேவைப்படவுமில்லை.

மிச்சம் ஒன்று. கடைசியாகத் தெரிவாகும் வீரருக்கு ஆங்கிலத்தில் ‘ஒன்றுக்கும் ஆகாதவர்’ என்ற தொனியில் ஒரு கேலிப்பட்டம் உண்டு. ‘உப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாக வந்த பிராக் பர்டி இரண்டே பருவத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவை சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். ஆதலால் ‘கடைக்குட்டி’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.