'இரு காரணி அங்கீகாரம்': மாற்றுச் சொல் ஒன்று

நண்பர்களுக்கு வணக்கம்.

'அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்' என்ற மேகக் கணிமை (கிளவுட்) மேலாண்மை மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில், உள்நுழைபவரிடம் கடவுச்சொல்லோடு வேறுவகைச் சான்று ஒன்றையும் கேட்கும் 'டூ ஃபேக்டர் ஆதென்டிகேஷன்' என்பதற்கு 'இரு காரணி அங்கீகாரம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை.

காரணி என்றால் நம் பள்ளிப்பிள்ளைகளுக்கு 12-இன் காரணிகள்தாம். குன்னூரில் கணிதம் கற்பிக்கும் தோழியிடம் அந்தத் திரையைக் காட்டியபோது, "எந்த எண்ணை வகுக்க வேண்டும்?" என்றுதான் கேட்டார். அங்கீகாரம் இன்னும் சிக்கலானது. 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும். அந்த இ-பாஸ் அனுமதி, அதிலுள்ள எண்ணும் வண்டியின் எண்பலகையும் ஒன்றுதானா என்று பார்ப்பது சரிபார்ப்பு. 'அங்கீகாரம்' என்ற சொல் அனுமதியின் பக்கமே சாய்கிறது. நமக்கு வேண்டியதோ, வந்திருப்பவர் இன்னார்தாம் என்று உறுதிசெய்யும் சொல்.

'இருபடிச் சரிபார்ப்பு' எளியது, பழகியதும்கூட. ஆயினும் அது படிகளை எண்ணுகிறதே தவிர, வகையைச் சொல்வதில்லை. கடவுச்சொல்லை அடுத்து ஒரு ரகசியக் கேள்விக்கு விடை கேட்டால் படிகள் இரண்டுதான். ஆனால் இரண்டும் நினைவில் இருப்பவை, ஒன்றை ஏமாற்றிக் கறந்தவர் மற்றதையும் அப்படியே கறந்துவிடுவார். அறிந்திருப்பது, கையில் வைத்திருப்பது, உடலோடு இருப்பது என்ற மூன்று வகைகளில் வெவ்வேறான இரண்டு சேர்வதே இந்தப் பாதுகாப்பின் உயிர். அப்பாச்சி கிளவுட்ஸ்டாக் 2023-இல் வந்த 4.18 பதிப்பில் இவ்வசதியைச் சேர்த்தபோது, நேரத்தோடு மாறும் குறியெண்ணுடன் மாறாத 'பின்' (PIN) எண்ணையும் ஒரு தெரிவாக வைத்தது. அந்தப் பின் எண்ணைத் தாளில் எழுதி வைத்தாலும் அது 'கையில் வைத்திருப்பது' ஆகிவிடாது, ஒருமுறை படித்தவர் எவரும் அதைத் தட்டச்சிடலாம்.

மாறும் குறியெண் அப்படியன்று. கோத்தகிரியில் மழையிரவில் சிக்னல் அறவே நின்றுபோய், குறியெண் தரும் குறுஞ்செய்தி வராமல் காத்திருந்திருக்கிறேன். அப்போதும் கைபேசிச் செயலியில் ஆறு இலக்கங்கள் 30 நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தன. கியூஆர் குறியை வருடும்போது பெற்ற ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் கொண்டு கைபேசியும் வழங்கியும் (சர்வர்) தனித்தனியே கணக்கிடுவதால், இணைப்பு தேவையில்லை, கடிகாரம் சரியாக இருந்தால் போதும். அந்த ரகசியம் இந்தக் கைபேசியில் இருக்கிறது என்பதற்கு அவ்வெண் ஒரு சான்று.

ஆகவே 'இருவகைச் சான்றுச் சரிபார்ப்பு' என்பதை முன்மொழிகிறேன். பொத்தான்களில் 'இருவகைச் சான்று' என்று சுருக்கலாம். சான்றிதழோடு குழம்பும் என்ற தயக்கம் எனக்கும் இருந்தது, ஆனால் சான்றிதழ் என்ற முழுச்சொல் நன்கு வேரூன்றிவிட்டது. மாறாத பின் எண்ணுக்கு மட்டும் இப்பெயரைத் தராமல், 'கூடுதல் பின் எண்' என்று தனியே குறிப்போம்.