பெயர் மறைத்து வரும் மிரட்டல்களும் என் எழுத்துரிமையும்

சாட்ஸ்வொர்த் வாசகி:
அன்பர்களுக்கு வணக்கம். தைப்பூசக் காவடியின்போது சேரும் காணிக்கையின் கணக்கை இங்குள்ள தென்னாப்பிரிக்கக் கோயில்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று என் வலைப்பூவில் எழுதினேன். அன்று முதல், பெயர் மறைத்த ஒருவர் நாள்தோறும் வசைமொழிகளையும், என் மகள் படிக்கும் பள்ளியைக் குறிப்பிட்டு அடிக்கப்போவதாக மிரட்டல்களையும் அனுப்புகிறார். எழுதுவதை நிறுத்திவிடு என்கிறார் மாமியார். எனக்கு நிறுத்த மனமில்லை. என்ன செய்யலாம்?

பீனிக்ஸ் அன்பர்:
அக்கா, ஒரு செய்தியையும் அழித்துவிடாதீர்கள். தேதியோடு சேமித்து வையுங்கள். 2013 ஏப்ரல் 27 முதல் நடைமுறையிலுள்ள தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி, வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அனுப்புபவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவருடைய பெயரையும் முகவரியையும் தருமாறு தொடர்புச் சேவை நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். வன்முறை மிரட்டலை மின்செய்தியாக அனுப்புவதோ இணையக் குற்றச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். ஆகவே காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கு இன்றே தெரிவியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் வசையையும் மிரட்டலையும் பிரித்துப் பாருங்கள், அம்மா. நிறவெறி ஆட்சியில் அரசின் தடை ஆணைக்கு உள்ளானவர்களின் சொற்களை மேற்கோள் காட்டுவதே குற்றமாக இருந்தது. அந்த நினைவோடு எழுதப்பட்ட அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, உங்கள் கருத்தைக் கடுமையாக மறுப்பவருக்கும் உரிமை தருகிறது. பிள்ளையைக் காட்டி அச்சுறுத்துவது கருத்தே அன்று.

சாட்ஸ்வொர்த் வாசகி:
நன்றி, ஐயா. திங்கட்கிழமை நீதிமன்றம் செல்கிறேன். கணக்கைப் பற்றிய அடுத்த கட்டுரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.