பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூசி: கலைச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்வோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ட்ரைவால் எனப்படும் ஜிப்சம் சுவர்ப்பலகைகளின் இணைப்பில் பட்டி பார்த்து (இடுக்கை நிரப்பும் பூச்சைத் தடவி), காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது எழும் தூசியைக் கட்டுப்படுத்துவது பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. ட்ரைவாலுக்கு ‘உலர்ச்சுவர்’, தூசியைக் கட்டுப்படுத்துவதற்குத் ‘தூசடக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
முதலில் ‘ச்’ என்ற ஒற்றைக் கவனியுங்கள். உலர்சுவர் வினைத்தொகை, வல்லினம் மிகாது. அதைவிட நல்ல வேர் நம்மிடம் இருக்கிறது: உணங்கு. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ (குறள் 1037) நினைவிருக்கும். ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் பிடி எருகூட வேண்டாம் என்கிற குறள். புழுதியும் காய்தலும் ஒரே அடியில்! ஆகவே உணங்குசுவர், அதன் தூசி உணங்கற்புழுதி. ‘தூசு’ வேண்டாம். பழைய நூல்களில் அது ஆடை. ‘தூசி’யோ படையின் முன்னணி, தூசிப்படை என்பது அதுதான். எழுப்பிய புழுதியால் அந்தப் பெயர் வந்ததா என்று தனியே பேசலாம்.

கட்டிடப் பொறியாளர்:
ஐயா, உணங்கு அருமையான சொல். ஆனால் இங்கே காய்கிற சுவரே இல்லை. ஈரக் கலவையைப் பூசிக் காத்திருக்கும் வேலை கிடையாது என்பதால்தான் அந்தப் பெயர். இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை, அவ்வளவே. ‘பூசாச்சுவர்’ பொருந்தும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் ஒற்று மிகும்.

தமிழாசிரியர்:
இணைப்புகளில் பூசுகிறார்களே? அப்புறம் எப்படிப் பூசாச்சுவர்?

வண்ணப்பூச்சு வேலை செய்பவர்:
ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நீங்கள் பேசும் தூசி பலகையிலிருந்து வருவதே இல்லை, பட்டியிலிருந்து வருகிறது. பலகையின் தாளில் உப்புத்தாள் பட்டால் தாள் பிசிறடித்துவிடும். அதைத் தொடாமல்தான் தேய்ப்போம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து, மேடு தெரியும் இடத்தில் மட்டும் 150 எண் தாளை லேசாக ஓட்டுவோம். அப்போதே கோதுமை மாவு போல ஒன்று கிளம்பும். கதவிடுக்கு வழியாக அடுத்த அறை அலமாரி வரை போகும். பட்டியில் டால்க், மைக்கா, சுண்ணக்கல் பொடி எல்லாம் உண்டு. சிலவற்றில் சிலிக்காவும் இருக்கும். நுரையீரலுக்கு ஆகாது. எனவே ‘பட்டித்தூசி’ என்று எழுதுங்கள். சுவரின் பெயரை ஜிப்சம் பலகை என்றே விட்டுவிடலாம்.

தமிழாசிரியர்:
பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம். நீங்கள் சொல்வது ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆங்கிலத்துக்கே அது பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பூச்சுப்பசை’ எனலாமே?

பொறியாளர்:
பசை என்றால் ஒட்டத்தான் தோன்றும். ‘பட்டி பார்த்தல்’ தமிழ் வினையோடு சேர்ந்து புழங்குகிறது. இதற்குமேல் என்ன தமிழாக வேண்டும்? எனக்குப் பெரிய கவலை ‘தூசடக்கம்’. அடக்கம் என்றால் பலருக்கு நல்லடக்கமே நினைவுக்கு வரும். அதோடு, வேறு வேறு வேலைகளை ஒரே சொல்லில் மூடிவிடுகிறது. ஈரப் பஞ்சால் தேய்த்தால் தூசி எழுவதே குறைகிறது. உறிஞ்சுகுழாய் பொருத்திய தேய்ப்பானில், எழுந்த தூசி அந்த இடத்திலேயே பிடிபடுகிறது. பாலித்தீன் திரை கட்டினால் தூசி எழும், ஆனால் அந்த அறையைத் தாண்டாது. உள்ளே நிற்பவரின் மூச்சுக்கு அதனால் பயனில்லை. திரை கட்டியதும் ‘தூசடக்கம் ஆயிற்று’ என்று முகமூடியைக் கழற்றிவிடுவார்கள். மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் நனைத்துத் தேய்த்தல், தூசி பிடித்தல், தூசி மறித்தல்?

வண்ணப்பூச்சு வேலை செய்பவர்:
‘மேசை தூசி பிடித்துக் கிடக்கிறது’ என்போமே, அம்மா. அது நேர்மாறான பொருள்.

பொறியாளர்:
உண்மை. ‘உறிஞ்சித் தேய்த்தல்’ என்று வையுங்கள். முதலில் எழுத வேண்டியதும் அதைப் பற்றித்தான். அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1999இல் வெளியிட்ட குறிப்பின்படி, இத்தகைய கருவிகள் தூசியை 80 முதல் 97 விழுக்காடு வரை குறைத்தன. ஆனால் கருவிக்குத் ‘தூசு உறிஞ்சி’ என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். வீட்டிலிருக்கும் சாதாரண உறிஞ்சியைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். நுண்தூசி அதன் பின்பக்கக் காற்றோடு திரும்பவும் அறைக்கே வரும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி வேண்டும். ‘நுண்வடி உறிஞ்சி’ எப்படி?

தமிழாசிரியர்:
நுண்வடி நன்று. ‘உறிஞ்சித் தேய்த்தல்’ உடன்பாடில்லை. வினையெச்சம் என்றால் உறிஞ்சிய பிறகு தேய்ப்பது என்றாகிவிடும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ‘உறிஞ்சுதேய்ப்பு’ என்று வினைத்தொகையாக்கினால் காலச் சிக்கல் வராது.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமாகிவிட்டது; இவற்றை வைத்து அனுப்பிவிடுகிறேன்: ஜிப்சம் பலகை, பட்டித்தூசி, நனைத்துத் தேய்த்தல், உறிஞ்சுதேய்ப்பு, தூசி மறித்தல், நுண்வடி உறிஞ்சி. அத்தியாயத் தலைப்பு ‘பட்டித்தூசி பறக்காமல் தேய்ப்பது எப்படி’.

வண்ணப்பூச்சு வேலை செய்பவர்:
நனைத்துத் தேய்ப்பதில் பஞ்சை நன்றாகப் பிழிந்துவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நீர் சொட்டினால் தாள் ஊறி எழும்பிவிடும்.

தமிழாசிரியர்:
பட்டித்தூசிக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. உணங்குசுவர் சொல்லடைவிலாவது இடம்பெறட்டும்.