போட்டி முடிந்த பிறகு லாக்கைத் திருத்துவது தவறா?

மொட்டைமாடி டைபோல் | புதன், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். போன வார இறுதியில் நடந்த சி.க்யூ. வேர்ல்ட் வைட் என்ற ஹாம் வானொலி மோர்ஸ் போட்டியில் கலந்துகொண்டேன். பல நாட்டு நிலையங்களோடு தொடர்புகொண்டு, அவற்றின் அழைப்புக்குறிகளை லாக்கில், அதாவது தொடர்புப் பட்டியலில், எழுதி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை காலை 5.30 மணி முதல் திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம். நான் உட்கார்ந்தது 26 மணி நேரம்தான். சனி பிற்பகல் இடி இறங்கியதால் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். கார்த்திகை மாதத்தில் இந்தப் போட்டியை வைத்தால் நம் ஊரில் வேறென்ன செய்வது?

100 வாட், மொட்டைமாடியில் தாழ்வாகக் கட்டிய டைபோல் ஆன்டெனா. 386 தொடர்புகள், 960 புள்ளிகள், 203 மல்டிப்ளையர்கள் (ஒவ்வொரு அலைவரிசையிலும் புதிதாகக் கிடைத்த நாடுகளும் மண்டலங்களும்). பெருக்கினால் 1,94,880. எனக்கு இதுவே அதிகம்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். போட்டி முழுவதும் மடிக்கணினியில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய் இரவு அதைக் கேட்டபோது லாக்கில் மூன்று பிழைகள் அகப்பட்டன. ஒரு அழைப்புக்குறியின் கடைசி எழுத்து ஹெச். நான் எஸ் என்று தட்டியிருக்கிறேன். இன்னொன்றில் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிட்டன. இந்த இரண்டிலும் பேடிலை (மோர்ஸ் அனுப்பும் சாவியை)ப் பிடித்துக் கையால் அனுப்பியது சரியான குறிதான், தட்டச்சில்தான் பிசகு. மூன்றாவது கொஞ்சம் பெரியது. ஞாயிறு அதிகாலை 4.40க்கு 40 மீட்டரில் எஸ்தோனியா என்று எழுதிக்கொண்ட நிலையம் உண்மையில் அயர்லாந்து. அந்த நாடுகளின் குறிகள் தொடங்கும் இ.எஸ்., இ.ஐ. இரண்டுக்கும் மோர்ஸில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்த அலைவரிசையில் எஸ்தோனியா முன்பே கிடைத்திருந்தது, அயர்லாந்து புதிது. மேலே சொன்ன 203இல் அதுவும் ஒன்று.

மூன்றையும் திருத்தி அனுப்பிவிட்டேன். நண்பர் ஒருவர் இது விதிமீறல் என்கிறார். என் நிலையம், என் காது, என் ஒலிப்பதிவு. வேறு யாருடைய பட்டியலையும் நான் பார்க்கவில்லை. இதில் என்ன தவறு?

பழைய சாவி | புதன், இரவு 9.48

தம்பி, அந்த ஆன்டெனாவுக்கு 386 நல்ல எண்ணிக்கை. வாழ்த்துகள். ஆனால் உங்கள் நண்பர் சொல்வது சரி. போட்டி முடிந்த பிறகு தகவல் தொகுப்பு, ஒலிப்பதிவு, மின்னஞ்சல் என எதைக் கொண்டும் அழைப்புக்குறியைத் திருத்தக்கூடாது என்று விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. உங்கள் ஒலிப்பதிவா அடுத்தவருடையதா என்ற பேதமெல்லாம் அதில் இல்லை.

லாக் அனுப்ப ஐந்து நாள் அவகாசம் உண்டு. நம் நேரப்படி சனிக்கிழமை விடியும்வரை. பழைய லாக்கை மறுபடி அனுப்புங்கள். கடைசியாக வந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கன் | புதன், இரவு 10.30

விதியைத் தூக்கிப் பிடிக்கும் முன் இந்தப் போட்டியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

காதுக்கே எட்டாத முனகலுக்கும் 599, அதாவது மிகத் தெளிவாகக் கேட்கிறது என்ற மதிப்பெண், கொடுக்கிறோம். அதையும் முழுதாக அனுப்பச் சோம்பல்பட்டு, ஒன்பதுக்குப் பதில் என் என்ற எழுத்தைத் தட்டுகிறோம். மூன்று முறை திரும்பக் கேட்டும் குறி பிடிபடாத ஆளுக்கு ‘பிரமாதமாகக் கேட்கிறீர்கள்’ என்று சான்றிதழ்! அடுத்து, 599உடன் சேர்த்து அனுப்பும் மண்டல எண். அதை யார் கேட்கிறார்கள்? குறியைத் தட்டியதும் மென்பொருளே நிரப்பிவிடுகிறது. குறியாவது சொந்த முயற்சியா என்றால், பாதி எழுத்தைத் தட்டினாலே வழக்கமாகப் போட்டிக்கு வருபவர்களின் பட்டியலிலிருந்து பொருந்தும் குறிகளைத் திரையில் அடுக்கிவிடுகிறது. இவை எல்லாமே அனுமதிக்கப்பட்டவை. ஒரு மனிதன் தன் காதில் விழுந்ததை இரண்டாம் முறை கேட்பது மட்டும் குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், முதல் ஐந்து இடங்களுக்குப் போட்டியிடுபவர்கள் ஒலிப்பதிவு வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதே விதிகள்தான். பதிவு செய், ஆனால் கேட்காதே!

ஐம்பது வாட் | புதன், இரவு 10.52

கணக்கன் அண்ணா, ஒரு சந்தேகம். நான் ரெஸ்ட்ரிக்டட் என்ற தொடக்கநிலை உரிமம் வைத்திருப்பவள். குரல் போட்டியில் இரண்டு முறை எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு அயர்லாந்து கூடினால் அவருக்கு என்ன கிடைக்கும்?

கணக்கன் | புதன், இரவு 11.05

இந்தப் போட்டியில் வேறு கண்டத்துக்கு 3 புள்ளி, நம் கண்டத்துக்குள் வேறு நாட்டுக்கு 1, சொந்த நாட்டுக்குப் பூஜ்யம். ஒவ்வொரு அலைவரிசையிலும் புதிதாகக் கிடைக்கும் நாடும் மண்டலமும் ஒவ்வொரு மல்டிப்ளையர். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 22. மொத்தப் புள்ளியை மொத்த மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும்.

எஸ்தோனியா என்று விட்டிருந்தால் 960 × 202 = 1,93,920. அயர்லாந்து ஆனதும் 1,94,880. வித்தியாசம் 960. அரை சதவீதம்! இதற்குத்தான் இவ்வளவு பஞ்சாயத்து.

பழைய சாவி | வியாழன், காலை 6.20

கணக்கன் தன் வாயாலேயே என் வாதத்தைச் சொல்லிவிட்டார். 599 வெறும் சடங்கு, மண்டல எண்ணை இயந்திரம் நிரப்புகிறது. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இந்தப் போட்டியில் காதால் பிடிப்பதற்கு மிஞ்சியிருப்பது அழைப்புக்குறி ஒன்றுதான். அதையும் செவ்வாய்க்கிழமை இரவு காபி குடித்துக்கொண்டே நான்கு முறை ஓடவிட்டுத் திருத்தலாம் என்றால், ஞாயிறு அதிகாலை 4.40க்கு விழித்திருந்தவனுக்கு என்ன மரியாதை?

நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 40 மில்லிநொடி. இ.ஐ.யா இ.எஸ்.ஸா என்பது அந்த ஒரு துளியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அப்போதே ஒரு கேள்விக்குறியைத் தட்டிக் கேட்கலாம். அதற்கு ஐந்து வினாடி செலவாகும், அந்த ஐந்து வினாடியில் அடுத்த ஆள் போய்விடலாம். அந்தச் செலவைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் ஆட்டம். குறிப் பட்டியலைப் பார்த்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது.

ஒலிப்பதிவு நடுவருக்காக. தேர்வு அறையில் வைத்த கேமராவின் பதிவைப் பார்த்து எந்த மாணவனும் விடைத்தாளைத் திருத்துவதில்லை.

தம்பிக்கு ஒரு கேள்வி. அயர்லாந்து 14ஆம் மண்டலம், எஸ்தோனியா 15. அந்த மனிதர் உங்களுக்கு 14 என்றுதானே அனுப்பியிருப்பார்?

மொட்டைமாடி டைபோல் | வியாழன், காலை 8.15

ஆமாம் சார். ஒலிப்பதிவில் தெளிவாக 14 இருக்கிறது. திரையில் 15 நிரம்பியிருந்தது, நான் பார்க்கவே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் இ.எஸ். என்று அனுப்பியதும் அவர் தன் குறியை ஒருமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். நான் அதற்குள் நன்றி சொல்லி அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். அதிகாலை 4.40, தூக்கக் கலக்கம்.

ஆனால் தட்டச்சுப் பிழைகள் இரண்டும் அப்படியில்லையே. காற்றில் போனது சரியான குறி. காகிதத்தில்தான் தவறு. அவற்றையும் அப்படியே விடச் சொல்கிறீர்களா?

அமைதி அலை | வியாழன், காலை 9.02

960 புள்ளிக்கு இவ்வளவு அக்கப்போர். இரண்டு நாள் முழுக்க 40 மீட்டரில் ஒரு நண்பரோடு நிம்மதியாகப் பேச முடிந்ததா? எங்கே திருப்பினாலும் டிட் டிட் டா. பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, குறியைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டம். ஹாம் வானொலி என்றால் 2004 டிசம்பரில் அந்தமானில் நடந்தது. சுனாமி அடித்து மற்றத் தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தபோது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார்களே, அது சேவை. இது என்ன?

ஐம்பது வாட் | வியாழன், காலை 9.40

30, 17, 12 மீட்டர்களில் போட்டிகளே நடப்பதில்லை ஐயா. அந்த வார இறுதியில் நான் 17 மீட்டரில்தான் இருந்தேன். சாவகாசமாகப் பேச ஆள் கிடைத்தார்கள்.

பழைய சாவி | வியாழன், காலை 10.15

பாரதி பிரசாத் குழு அந்தமானுக்குப் போனது எதற்காக? அபூர்வமான இடத்திலிருந்து உலகத்து ஹாம்களோடு தொடர்புகொள்ளத்தான். மாதத் தொடக்கத்திலிருந்தே ஒரே நேரத்தில் கூட்டமாகக் கத்துகிற குரல்களுக்குள்ளிருந்து ஒவ்வொரு குறியாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள். 26ஆம் தேதி காலையில் அதே காதும் அதே ஆன்டெனாவும் பயன்பட்டன. போட்டியை ஓட்டம் என்று இகழலாம், ஆனால் இரைச்சலுக்குள் ஒரு பெயரைத் தவறில்லாமல் எடுக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தட்டச்சுப் பிழை பற்றி: போட்டி நேரத்திலேயே பக்கத்தில் ஒரு தாளில் ‘இது ஹெச்’ என்று குறித்து வைத்திருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன், அது அந்த நேரத்தின் அறிவு. நீங்கள் குறிக்கவில்லை. பலர் கணினிச் சாவியை அழுத்தித்தான் குறியை அனுப்புகிறார்கள். அவர்கள் தவறாகத் தட்டினால் காற்றிலும் தவறாகவே போகும். கையால் அனுப்பியதால் உங்களுக்கு மட்டும் தனிச் சலுகையா?

கணக்கன் | வியாழன், மாலை 7.33

நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். விதி விதிதான், சரி. ஆனால் காது, மரியாதை என்றெல்லாம் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. உலகப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் எங்கிருந்து ஆடுகிறார்கள் என்று பாருங்கள். அருபா, கேனரி தீவுகள், மொராக்கோ. அருபாவைத் தென்னமெரிக்கக் கணக்கில் வைத்திருப்பதால், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் அமெரிக்கா அவர்களுக்கு 3 புள்ளி. கேனரி ஆப்பிரிக்கக் கணக்கு, ஆகவே ஐரோப்பா முழுவதும் 3 புள்ளி. நமக்கு? ஆயிரக்கணக்கான ஹாம்கள் இருக்கும் ஜப்பான் 1 புள்ளி. அமெரிக்கா வட துருவத்தை ஒட்டிய பாதையில் இருக்கிறது. காந்தப்புயல் அடித்தால் அன்றைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அதற்கு மேல் அடுத்த வீட்டு எல்.இ.டி. விளக்கும் சோலார் இன்வர்ட்டரும் போடும் இரைச்சல். எங்கள் தெருவில் மின்வெட்டு வந்தால் நான் மட்டும்தான் மகிழ்கிறேன். பேட்டரியில் வானொலியை ஓட்டிக்கொண்டு, அதுவரை கேட்காத நாடுகளையெல்லாம் கேட்பேன்.

இப்படிக் கோணலான தராசில் 960 புள்ளி நேர்மையை நிறுத்துப் பார்ப்பது எதற்கு?

பழைய சாவி | வியாழன், இரவு 8.50

தராசு கோணல்தான். அதற்காகத்தான் 1990இல் சியாட்டிலில் டபிள்யூ.ஆர்.டி.சி. என்ற உலக அணிப் போட்டி தொடங்கியது. இரண்டு பேர் கொண்ட அணிகளை ஒரே வட்டாரத்தில் உட்காரவைத்து ஆடவிடுவது. 2014இல் பாஸ்டன் பக்கத்திலும் 2018இல் ஜெர்மனியின் விட்டன்பெர்கிலும் எல்லோருக்கும் ஒரேமாதிரி கோபுரம், ஒரேமாதிரி ஆன்டெனா. அணிக்கு ஒரு நடுவர் பக்கத்திலேயே இருப்பார். அப்போதும் முதல் அணிக்கும் கடைசி அணிக்கும் இடையே பெரிய இடைவெளி விழுகிறது. இடத்தையும் கம்பியையும் கழித்த பிறகும் காது என்று ஒன்று இருக்கிறது, கணக்கன்.

தம்பி அருபாவோடு போட்டியிடவில்லை. போன ஆண்டு தன் மொட்டைமாடியில் எடுத்த எண்ணோடு போட்டியிடுகிறார். ஒரு ஆண்டு திருத்தியும் ஒரு ஆண்டு திருத்தாமலும் அனுப்பினால் அந்த இரண்டு எண்களை அவரே எப்படி ஒப்பிடுவார்?

மொட்டைமாடி டைபோல் | வெள்ளி, இரவு 10.05

போன ஆண்டு நான் ஒலிப்பதிவே செய்யவில்லை. நீங்கள் அதைக் கேட்டபோதுதான் உறைத்தது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பழைய லாக்கை அனுப்பினால் எஸ்தோனியா வரி தவறு என்று தெரிந்தே அனுப்புகிறேன். பிடித்துவிடுவார்கள். அந்தத் தொடர்பின் புள்ளி போவதோடு அபராதமும் விழும். அந்த வரியை மட்டும் எடுத்துவிடட்டுமா?

பழைய சாவி | வெள்ளி, இரவு 10.20

எடுக்காதீர்கள். அதுவும் திருத்தம்தான். தவிர, உங்கள் வரி காணாமல் போனால் அந்த அயர்லாந்துக்காரர் உங்களோடு பேசியதாக எழுதியது பொய் என்றாகி அவருக்கு அடி விழும். குறியில் ஒரு எழுத்து பிசகிய வரி இருந்தால், இவர் கேட்டது அவரைத்தான் என்று சரிபார்க்கும் மென்பொருள் கண்டுகொள்ளும். தவறு உங்களுடையது, அபராதமும் உங்களோடு நிற்கட்டும்.

மொட்டைமாடி டைபோல் | வெள்ளி, இரவு 11.12

மூன்றையும் பழையபடியே வைத்து மறுபடி அனுப்பிவிட்டேன். 1,93,920. அடுத்த ஆண்டு மண்டல எண்ணைத் தானாக நிரப்பும் வசதியை நிறுத்தி வைக்கப் போகிறேன். ஒவ்வொன்றையும் நானே தட்டினால் எவ்வளவு வேகம் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

கணக்கன் | வெள்ளி, இரவு 11.30

மணிக்கு நான்கைந்து தொடர்புகள் குறையும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய லாக்கும் பொதுவில் வெளியாகும் அல்லவா, அப்போது அந்த அயர்லாந்துக்காரர் உங்கள் குறியைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று முதல் வேலையாகப் பார்க்கப் போகிறேன். வாழ்த்துகள், 73.

ஐம்பது வாட் | சனி, காலை 7.05

17 மீட்டர் டைபோல் எந்த உயரத்தில் கட்டினால் நல்லது? தனி இழையாகத் தொடங்கட்டுமா, இங்கேயே கேட்கலாமா?